நாலு இஞ்சு உயரம்

மார்ச் 5, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல என் மகள் கனகமணி எழுதுகிறாள். எனக்கு எழுதப் படிக்க வராது. ஆனால் எழுத்து ஒரு மனுசனை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் இந்தக் கோயமுத்தூரில் கிடையாது. தொண்ணூற்றி ஒன்றில் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு காகிதத்தை நீட்டி, நடந்ததைத்தான் எழுதியிருக்கிறது, பெருவிரலை வை என்றார்கள். வைத்தேன். கோர்ட்டில் படித்தபோதுதான் தெரிந்தது, என் வெல்டு விட்டுப்போனதால்தான் என் கூட்டாளி சின்னப்பன் செத்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாக அதில் இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் வெல்டு விடவும் இல்லை. பத்தொன்பது நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தேன். அதற்கப்புறம் கேஸ் தள்ளுபடி. ஆனால் ஊர் தள்ளுபடி செய்யவில்லை. "வெல்டு உட்ட மருதாசலம்" என்றால் இன்றைக்கும் பட்டறைக்காரர்களுக்குத் தெரியும்.

அதனால் இந்தத் தடவை எழுத்து என் பக்கம் இருக்கட்டும். தேதி போட்டு எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இன்று காலையில் சின்னப்பன் மகள் பிலோமினா வந்தாள். அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் என் வாசலை மிதித்து முப்பத்திரண்டு வருசம் ஆகிறது. ஆறு வயசில் பார்த்த பிள்ளை. இப்போது முப்பத்தெட்டு. ரயில்வே ஷெட்டில் டெக்னீசியன் வேலையாம். அவள் அப்பனைப் போலவே பேசும்போது கை சும்மா இருக்காது. என் கண் மருந்து பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி, கடைசியில் மூடியை எங்கேயோ போட்டுவிட்டாள்.

ஜைரோ கட்டுகிறாளாம். சின்னப்பன் விழுந்து செத்தானே, அந்தப் பறக்கிற மெசின்.

"அப்பா செஞ்ச அதே மெசினுதான் மாமா. ஒரு நூல் அளவுகூட மாத்தல. ஈஸ்டர் முடிஞ்ச திங்கக்கிழமை பறக்கப் போறேன். மேல் விசிறித் தலைய மட்டும் நீங்க எப்படிக் கடைஞ்சீங்கன்னு தெரியோணும்" என்றாள்.

வெளியே போ என்றேன். சத்தம் போட்டுத்தான் சொன்னேன். கனகமணி அவளைக் கூட்டிப் போய்க் காப்பி கொடுத்து அனுப்பினாள். போகும்போது அந்தப் பெண் கேட்டுக்கு அருகில் நின்று, வெல்டைப் பற்றி ஒன்றும் கேட்க வரவில்லை, அதெல்லாம் பழைய கதை, இப்போது வேறு மாதிரி வெல்டிங் வந்துவிட்டது, அந்தத் தப்பு இனி நடக்காது என்றாள். ஆறுதல் சொல்கிறாளாம்.

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் மறுபடியும் என் தலையில்தான் விடியும். நான் அவளுக்கு ஒரு அளவும் சொல்லவில்லை. இது எழுத்தில் இருக்கட்டும்.

மார்ச் 6, திங்கள்

ரேஷன் கடை மிஷின் என் பெருவிரலை எடுக்கவில்லை. நாற்பது வருசம் கிரைண்டிங் கல்லில் தேய்ந்த விரலில் ரேகை எங்கே இருக்கும். அரிசி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். ஒப்புக்காத குத்தத்துக்கு மட்டும் விரல் நன்றாகப் பதிந்தது.

மார்ச் 9, வியாழன்

கனகமணி இப்போது பேனாவை வைத்துவிட்டு, ஜைரோ என்றால் ஹெலிகாப்டர்தானே என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருசம் இந்த வீட்டில் மெசின் பேச்சே எடுக்கக்கூடாது என்று நான் வைத்திருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. சொல்கிறேன்.

ஹெலிகாப்டரில் மேல் விசிறியை இஞ்சின் சுத்தும். ஜைரோவில் மேல் விசிறிக்கு இஞ்சினே கிடையாது. இஞ்சின் ஆளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சின்ன விசிறியைச் சுத்தி வண்டியை முன்னால் தள்ளும். தள்ளத் தள்ளக் காத்து அடியிலிருந்து மேல் விசிறியில் பாய்ந்து அது தானாகச் சுத்தும். பனை ஓலைக் காத்தாடியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடுகிற மாதிரி. ஓடுகிறவரைக்கும் சுத்தும், சுத்துகிறவரைக்கும் தூக்கும். அவ்வளவுதான். அடிபட்ட ஒரு வேனிலிருந்து எடுத்த இஞ்சின், குழாய், சைக்கிள் சக்கரம், ஒரு பிளாஸ்டிக் சேர். இதை வைத்துப் பறக்க முடியும் என்று ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் படம் பார்த்துவிட்டு வந்தவன் சின்னப்பன். அவன் ரயில்வேயில் ஃபிட்டர். எனக்குப் பன்னிரண்டு வயசு இளையவன். படத்தை அவன் பார்த்தான், இரும்பை நான் பார்த்தேன்.

ரெண்டு வருசம் ஞாயிறு ஞாயிறாகக் கட்டினோம். வற்றிப்போன குளத்துக்குள் ஓட்டிப் பார்த்தோம். முதலில் தத்தித் தத்தி ஓடியது, எழும்பவில்லை. எருமை மேய்க்க வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். ஒருத்தன் புல்லுக்கட்டை ஏத்திப் போக வாடகைக்கு வருமா என்று கேட்டான். பிறகு பின் விசிறியைப் பெரிதாக்கினோம். பறந்தது. பத்துத் தடவை பறந்தது. பதினோராவது தடவை நூறடி உயரத்தில் மூக்குக் குத்தி, குட்டிக்கரணம் போட்டு, மேல் விசிறி பின் விசிறியில் அடித்து, விழுந்தது. சின்னப்பன் அங்கேயே போய்விட்டான்.

மேல் விசிறியைத் தாங்குகிற நடுக்கம்பம் கீழே விழுந்த அடியில் ஒடிந்தது. ஒடிந்த இடம் என் வெல்டுக்கு ஒரு விரல் தள்ளி. வெல்டு அப்படியே இருந்தது. அதை எவன் பார்த்தான்? ஒடிஞ்சிருக்கு, வெல்டர் யாரு, கூட்டிட்டு வா என்றார்கள் போலீஸ்காரர்கள்.

பின் விசிறியைப் பெரிதாக்கியது யார் என்று கனகமணி கேட்கிறாள். அது இப்போது எதற்கு. எழுதாதே என்றேன். எழுதுகிறாள்.

மார்ச் 12, ஞாயிறு

போய்ப் பார்த்தேன். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கனகமணி ரவிக்கைத் துணி வாங்கப் போகிறேன் என்று ஸ்கூட்டியில் ஏற்றி, நேராகச் சின்னப்பன் வீட்டுக்குக் கொண்டு போய் நிறுத்திவிட்டாள். இவளுக்கு வர வர என்னிடம் பயம் விட்டுப்போயிற்று.

வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டாய். உள்ளே புது மெசின். மூலையில் பழசு, சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தாள். அத்தனை வருசமும் அவர்கள் அதை வைத்திருந்தது எனக்குத் தெரியாது. சாக்கை எடுத்துக் காட்டினாள். நான் பார்க்கவில்லை.

புதுசைப் பார்த்தேன். வேலை சுத்தம். குறை சொல்ல ஒன்றுமில்லை. வெல்டு கோழி முட்டை மாதிரி வழவழ என்று இருக்கிறது. பழசை வைத்து அளந்து, ரெண்டு போட்டோவைப் பார்த்து, ஒவ்வொரு குழாயையும் அதே நீளத்துக்கு வெட்டியிருக்கிறாள். இஞ்சின் மட்டும் புதுசு, பலம் ஜாஸ்தி. ஆனால் வைத்திருப்பது அதே உயரத்தில்.

இஞ்சின் ரொம்ப மேலே இருக்கிறது, நாலு இஞ்சு இறக்கு என்றேன்.

அவள் சிரித்தாள். கம்ப்யூட்டரில் யாரோ ஒரு பஞ்சாப்காரனும் இதையே சொன்னானாம். ஆளும் வண்டியும் சேர்ந்த எடை எங்கே நிற்கிறதோ அதற்கு மேலே இஞ்சின் தள்ளினால் குப்புறக் கவிழ்க்கும் என்று எழுதினானாம். உன் அப்பாவுக்குக் கணக்குத் தெரியவில்லை என்றும் எழுதினானாம்.

"நான் என்ன பண்ணேன் தெரியுமுங்களா மாமா? அவன பிளாக் பண்ணிட்டேன். எங்கப்பா பத்து வாட்டி பறந்தாரு. இது எங்கப்பா வெச்ச ஒசரம். இத எறக்குனா, அவரு தப்பா வெச்சுச் செத்தாருன்னு நானே சொல்ற மாதிரி ஆயிரும்."

நான் கொட்டாயை விட்டு வெளியே வந்தேன்.

வீட்டு ஜன்னலில் ஆரோக்கியம் நின்றிருந்தாள், சின்னப்பன் சம்சாரம். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் ஜன்னலைச் சாத்தவில்லை, திரை போடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றாள். சாத்தியிருந்தால் தேவலை.

திரும்பும் வழியில் கனகமணியைத் திட்டிக்கொண்டே வந்தேன். ரவிக்கைத் துணி வாங்க மறந்துவிட்டாள்.

மார்ச் 13, திங்கள்

பத்து நாளைக்கு ஒருக்கா வருகிற தண்ணி இன்றைக்கு வந்தது. எல்லாக் குடமும் பிடித்தோம். வேறொன்றும் இல்லை.

மார்ச் 18, சனி

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நானாக, என் காலால், அந்த வாசலுக்கு. ஒரு பெண் பெர்மிசன் இல்லாமல் ஆகாயத்தில் பறக்கப் போகிறாள், தடுங்கள் என்றேன். அங்கே இருந்த போலீஸ்காரப் பெண்ணுக்கு என் பேத்தி வயசு. முதலில் நம்பவில்லை. பிறகு உட்கார வைத்து மரியாதையாகத்தான் கேட்டது. கம்ப்ளெயின்ட் எழுதிக்கொண்டு வந்து, இதில் ரேகை வையுங்க தாத்தா என்று மைப்பெட்டியை நகர்த்தியது.

வைக்க மாட்டேன் என்றேன்.

"வெச்சாத்தானுங்க தாத்தா நான் போய்க் கேக்க முடியும்."

படித்துக் காட்டு என்றேன். படித்துக் காட்டியது. நான் சொன்னது அப்படியே இருந்தது. மறுபடி படிக்கச் சொன்னேன். அப்போதும் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கை போகவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 19, ஞாயிறு

அந்தப் போலீஸ்காரப் பெண் கம்ப்ளெயின்ட் இல்லாமலேயே கொட்டாய்க்குப் போயிருக்கிறது. மெசினைச் சுத்திப் பார்த்து, சேரில் உட்கார்ந்து போட்டோ எடுத்து, சூப்பர்க்கா, ஆனா எங்க இன்ஸ்பெக்டர் கண்ணுல பட்டுராதீங்க என்று சொல்லி, நான் ஸ்டேஷனுக்குப் போனதையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. பிலோமினா கனகமணிக்கு ஃபோன் போட்டு அழுதாளாம். உங்கப்பாவுக்கு எங்க மேல அப்படி என்ன வஞ்சம், எங்கப்பாவைத்தான் கொன்னாரு, இதையும் கெடுக்கணுமா என்றாளாம்.

கனகமணி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்க்கிறாள். என்னத்தைப் பார்க்கிறாய், எழுது. வெல்டு விடவில்லை என்று எழுது.

மார்ச் 22, புதன்

தெலுங்கு வருசப்பிறப்பாம். பக்கத்து வீட்டில் போளி கொடுத்தார்கள். பல்லில் ஒட்டிக்கொண்டது.

மார்ச் 26, ஞாயிறு

இன்றைக்குக் காலை பிலோமினா குளத்துக்குள் ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்து போனேன். கரையில் கருவேல முள்ளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவளுக்குத் தெரியாது.

முதல் ரெண்டு ஓட்டம் தரையிலேயே. மூன்றாவது ஓட்டத்தில் எழும்பியது. ஒரு ஆள் உயரம்தான் இருக்கும். எழும்பினதும் மூக்கு மேலே போயிற்று. அவள் கைப்பிடியை முன்னால் தள்ளினாள். மூக்கு கீழே வந்தது, வேண்டியதற்கு மேலேயே வந்தது. இழுத்தாள். மறுபடி மேலே. மறுபடி கீழே. ஓணான் தலை ஆட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே போயிற்று. நாலாவது ஆட்டத்தில் இஞ்சினைக் குறைத்தாளோ என்னவோ, தொப்பென்று சக்கரத்தில் உட்கார்ந்தது. ஒரு ஆள் உயரம் என்பதால் தப்பித்தாள். நான் கத்தியிருக்கிறேன். என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. எருமைக்காரன் ஒருத்தன் வந்து, பெரியவரே, சின்னப்பா சின்னப்பான்னு கத்துனீங்களே, யாரு அது என்று கேட்டான்.

அதே ஆட்டம். அதே ஆட்டத்தைத்தான் அன்றைக்கும் பார்த்தேன்.

கனகமணி, இப்போது சொல்வதை அப்படியே எழுது. நடுவில் கேள்வி கேட்காதே.

தொண்ணூற்றி ஒன்றில் அந்த மெசின் எழும்பாமல் தத்திக்கொண்டிருந்தபோது சின்னப்பன் பொறுமையாகத்தான் இருந்தான். எடையைக் குறைக்கலாம், பார்த்துப் பார்த்துச் செய்யலாம் என்றான். ஊர் சிரித்தது எனக்குத்தான் பொறுக்கவில்லை. எருமைக்காரன் கேட்ட அந்தப் புல்லுக்கட்டு எனக்கு நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது. சின்னப்பன் ஒரு வாரம் டிரெயினிங் என்று திருச்சிக்குப் போனான். அந்த வாரத்தில் தேக்குப் பலகையை அடுக்கி ஒட்டி, இழைத்து, நானே ஒரு பின் விசிறி செதுக்கினேன். பழசு ஐம்பத்து நாலு இஞ்சு. இது அறுபத்து ரெண்டு. மாட்டினால் கீழே வால் குழாயில் இடித்தது. நாலு இஞ்சு இடிக்கிறது. என்ன செய்வேன், இஞ்சின் நிற்கிற காலை அறுத்து, நாலு காலிலும் நாலு நாலு இஞ்சுத் துண்டு வைத்துப் பத்தவைத்து, அரம் போட்டு, எமரித் தாள் போட்டுத் தேய்த்து, பெயின்ட் அடித்தேன். நான் தேய்த்துவிட்டால் ஒட்டு எங்கே என்று எனக்கே தெரியாது. அந்தக் காலத்தில் அதுதான் என் பேர்.

அவன் வந்து பார்த்தான். கொஞ்ச நேரம் சுத்திச் சுத்தி வந்தான். பிறகு கேட்டான்: "மருதண்ணா, இஞ்சின ஒசத்தீட்டீங்களே. மறுக்கா கட்டித் தொங்கவுட்டுப் பாத்துரலாமுங்களா?"

தொங்கவிடுவது என்றால், மெசினை மேல் விசிறி போல்ட்டில் சங்கிலி போட்டுத் தூக்கி, தூக்குக்குண்டு விட்டுக் கோடு போடுவது. பிறகு வேறொரு இடத்தில் கட்டித் தூக்கி இன்னொரு கோடு. ரெண்டு கோடும் வெட்டுகிற இடத்தில்தான் மொத்த எடையும் நிற்கிறது. முதல் தடவை அப்படித்தான் பார்த்து, அந்தப் புள்ளிக்கு நேராக இஞ்சினை வைத்தோம். அந்த உயரம் அவன் வைத்தது. நான் மாற்றினது.

தேவையில்லை என்றேன். எனக்குக் கோபம். ஒரு வாரம் தூங்காமல் செய்திருக்கிறேன், வாயைத் திறந்து நல்லா இருக்குன்னு சொல்லாமல் தொங்கவுடலாமா என்கிறான். என் வேலையைச் சந்தேகப்படறியா என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, இல்லீங்கண்ணா, ஓட்டிப் பாக்கலாம் என்றான். பறந்தது. என் விசிறியில்தான் பறந்தது. பத்துத் தடவை. ஓணான் மாதிரி ஆடும், அவன் பிடித்துக்கொள்வான். பதினோராவது தடவைக்கு முன்னாலும் ஒருக்கா கேட்டான். ஜனமெல்லாம் வந்து நிக்குது, இப்பப் போய் தொங்கவுட்டுட்டு இருப்பாங்களா என்றேன்.

வெல்டு விடவில்லை. அது சத்தியம். அந்தச் சத்தியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு வருசம் எல்லாரையும் ஏசியிருக்கிறேன். ஒருத்தராவது இஞ்சின் உயரத்தைப் பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது. ஒருத்தரும் கேட்கவில்லை.

மார்ச் 29, புதன்

மூன்று நாளாகக் கனகமணி பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், கண்ணுக்கு மருந்து விடுகிறாள், போய்விடுகிறாள். அம்மா செத்தது இந்த ஜெயில் கவலையில்தான் என்று நீங்க சொல்லிச் சொல்லி, நானும் அந்த வீட்டை வெறுத்து வளர்ந்தேன் என்று இன்றைக்குத்தான் சொன்னாள். இன்றைக்கு அவளாகவே நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். எழுதி வைத்திருந்தால் போதாது, போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். யாரைப் பார்த்து அதட்டுகிறாய் என்றேன். உங்களைத்தான் என்றாள்.

ஏப்ரல் 2, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. அம்மாவும் மகளும் ஓலையோடு கோயிலிலிருந்து வருகிறவரைக்கும் கொட்டாய் வாசலில் நின்றோம்.

சொன்னேன். நின்றுகொண்டேதான் சொன்னேன், உட்காரச் சொல்லவில்லை. விசிறி, நாலு இஞ்சு, அவன் ரெண்டு தடவை கேட்டது, எல்லாம்.

பிலோமினா நம்பவில்லை. என்னைத் தடுக்க முடியவில்லை என்றதும் போலீசுக்குப் போனீர்கள், அது ஆகவில்லை என்றதும் புதுசாக ஒரு கதை கொண்டு வருகிறீர்கள் என்றாள். பழைய மெசினை நூறு தடவை அளந்திருக்கிறாளாம். அந்தக் கால்களில் ஒட்டே கிடையாதாம். ஒரே குழாயாம். எங்கப்பா வைத்த அளவை அவர் வைக்கவில்லை என்று சொல்லி இறக்க வைக்கப் பார்க்கிறீர்கள் என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வந்த இடத்திலும் கோபம்தான் வருகிறது. முட்டாப் பொண்ணே, நான் தேய்ச்சா உனக்குத் தெரியுமா என்று கத்தினேன். ஆரோக்கியம் ஓலையைக் கையில் வைத்தபடி உள்ளே போனாள்.

ஏப்ரல் 3, திங்கள்

காலையில் மறுபடி போனேன். ஸ்கூட்டி ஏறும்போதே கனகமணியிடம் சொல்லிவிட்டேன், இன்றைக்கு வாயால் பேசப் போவதில்லை என்று. பிலோமினா லீவு போட்டிருந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் மூலையில் இருந்த சாக்கை இழுத்தேன். அந்த இரும்பை முப்பத்திரண்டு வருசத்துக்கு அப்புறம் தொட்டேன். துருவையும் பெயின்டையும் அரத்தால் சுரண்டி, எமரி போட்டு, இஞ்சின் கால் ஒன்றைப் பளபளவென்று ஆக்கினேன். ரொம்ப நேரம் பிடித்தது. அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பேட்டரி ஆசிட் கொஞ்சம் கொடு என்றேன்.

எதற்கு என்று கேட்காமல் எடுத்து வந்தாள். குச்சியில் பஞ்சு சுத்தி, தொட்டு, காலின் நீளத்துக்கும் தடவினேன். இரும்பு முதலில் மங்கியது. அப்புறம் கருத்தது. எல்லா இடமும் ஒரே மாதிரிக் கருக்காது. குழாய் இரும்பு வேறு, நான் உருக்கி ஊற்றின கம்பி வேறு. கொஞ்ச நேரம் போனதும் காலைச் சுத்தி ஒரு வெளுத்த வளையம் தெரிந்தது. அதற்கு மேலே இன்னொரு வளையம்.

பிலோமினா ஸ்கேலை எடுத்து வந்து வைத்தாள். நாலு இஞ்சு.

மற்ற மூன்று காலையும் அவளே சுரண்டினாள், அவளே ஆசிட் தடவினாள். எட்டு வளையம். கடைசி வளையம் தெரிந்தபோது கீழே உட்கார்ந்துவிட்டாள். அப்பா வெச்சது கீழ, அப்பா வெச்சது கீழ என்று ரெண்டு மூன்று தடவை சொன்னாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தலையைக் குனிந்திருந்தாள்.

பிறகு எழுந்து, வெளியே போங்க மாமா என்றாள். சத்தம் இல்லாமல்தான் சொன்னாள். போய்விட்டேன்.

ஏப்ரல் 5, புதன்

ஆசிட் பட்ட விரலில் தோல் உரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்கிறாள் கனகமணி. இதற்கெல்லாம் எவன் போவான்.

ஏப்ரல் 10, திங்கள்

இன்றைக்குத்தான் பிலோமினா பறப்பதாக இருந்தாள். பறக்கவில்லை. இஞ்சின் காலை அறுத்து இறக்கிவிட்டாளாம். கீழே இடிக்குமே என்று கனகமணியிடம் கேட்டதற்கு, ஐம்பத்து நாலு இஞ்சு விசிறி வாங்கிவிட்டாளாம், இஞ்சின் பலம் ஜாஸ்தி என்பதால் அது போதுமாம். சங்கிலி போட்டு ரெண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்த்தாளாம். அந்தப் பஞ்சாப்காரனுக்கும் ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டாளாம். எல்லாம் கனகமணி சொல்லித்தான் தெரியும். என்னிடம் யாரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வேண்டும் என்று என்ன இருக்கிறது. ஆனாலும் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால், விசிறியின் போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வருசப்பிறப்பு. கனகமணி வேப்பம்பூ ரசம் வைத்தாள். பேசிக்கொண்டே சாப்பிட்டோம். மின்சார பில், பக்கத்து வீட்டு நாய், இந்த மாதிரி.

ஏப்ரல் 23, ஞாயிறு

காலை ஆறரைக்குக் காத்து இல்லாத நேரம் பார்த்துப் பிலோமினா பறக்க ஏற்பாடு செய்திருந்தாள். கனகமணி என்னைக் கரைமேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கீழே போய் மற்றவர்களோடு நின்றுகொண்டாள். ரயில்வே ஷெட் ஆட்கள் நாலு பேர் இருந்தார்கள். நான் கீழே போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மெசின் குளத்தின் அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றது. மேல் விசிறியைக் கையால் தள்ளிவிட்டு ஏறினாள். ஓடி வந்தது. எழும்பியது. நான் மூக்கை மட்டும்தான் பார்த்தேன். ஆடவில்லை. மேலே போயிற்று, பனை மர உயரம், அதற்கும் மேலே. ஆடவில்லை.

பக்கத்தில் யாரோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. ஆரோக்கியம். எல்லாரும் கீழே நிற்கும்போது இவள் எதற்கு மேடேறி வந்தாள் என்று தெரியவில்லை. அவளும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்த வெல்டுக்கு உங்கள மன்னிச்சு இருவது வருசம் ஆச்சு. ஒரு தவக்காலத்துல ஃபாதர்கிட்டயே போய்ச் சொல்லீட்டு வந்தேன்."

இருபது வருசம். இருபது வருசமாக அந்தத் தெருப் பக்கம் போகாமல் ரெண்டு பஸ் மாறிச் சுத்திப் போயிருக்கிறேன். கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும்.

"மன்னிச்சிட்டீங்கன்னா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"மன்னிக்கச் சொல்லித்தான் ஃபாதர் சொன்னாரு. உங்ககிட்டச் சொல்லச் சொல்லல."

மேலே மெசின் மெதுவாகத் திரும்பியது. திரும்பும்போது மேல் விசிறியின் சத்தம் மாறும், தப் தப்பென்று கேட்கும். அது கேட்டதும் அவள் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் நேரானதும் விட்டாள்.

"செய்யாத தப்புக்கு மன்னிச்சு வெச்சிருக்கேன். அது வீணாப் போச்சு" என்றாள். "இதுக்கு இனிமேத்தான் ஆரம்பிக்கோணும்."

ஆரம்பியுங்க என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. ஒன்று மட்டும் சொன்னேன், எனக்கு எழுபத்தெட்டு என்று.

"தெரியும்."

"அதுக்குள்ள ஆகலைன்னா?"

"ஆகலைன்னா ஆகலீங்க" என்றாள்.

பிலோமினா இஞ்சினைக் குறைத்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். சக்கரம் தரையைத் தொட்டு ஓடி நிற்கிறவரைக்கும் ஆரோக்கியம் அங்கேயே நின்றாள். மெசின் நின்றதும், மேட்டில் கால் வைத்துப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள்.